சிமென்ட்டில் நானோ துகள்: எங்கே, எதற்கு, எந்த அளவுகோலால்?

கான்கிரீட் போடும் நாளில், ஒவ்வொரு பக்கமும் 150 மில்லிமீட்டர் உள்ள இரும்பு அச்சுகளில் கொஞ்சம் கலவையை நிரப்பித் தனியே எடுத்து வைப்பது வழக்கம். இறுகிய கட்டிகளைத் தண்ணீரில் ஊறவைத்து, 28-ஆம் நாள் இயந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். எம்20, எம்30 என்று தரத்தைக் குறிக்கும் பெயர்களெல்லாம் இந்தச் சோதனையில் கிடைக்கும் எண்ணிலிருந்து வந்தவை. ஒப்பந்ததாரரின் பில் பாஸாவதும் பொறியாளர் கையெழுத்திடுவதும் அந்த எண்ணை நம்பித்தான். ஆனால், கட்டப்படுவது ஐம்பது ஆண்டுகளாவது நிற்க வேண்டிய கட்டடம். உப்புக் காற்றையும் மழையையும் சித்திரை வெயிலையும் அது எப்படித் தாங்கும் என்பதை 28-ஆம் நாள் நசுங்கிய கட்டி நேரடியாகச் சொல்லிவிடாது. சிமென்ட்டில் நானோ துகள் சேர்க்கும் ஆய்வுகள் கடந்த இருபது ஆண்டுகளில் பெருகியிருக்கின்றன. அவற்றில் பலவும் முதலில் எடுத்துக்காட்டுவது இதே எண்ணைத்தான். இத்தனை விழுக்காடு வலிமை கூடியது என்பதே செய்தியாகிறது. நானோ துகளால் பயன் உண்டு. அந்தப் பயன் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் இரண்டு: கிளிங்கர் என்ற மூலப்பொருள் குறைந்த சிமென்ட்டை வேலைத்தளத்தின் அவசரத்துக்கு ஈடுகொடுக்க வைப்பது, கடலோரக் கான்கிரீட்டில் உப்பு நுழையும் வழியை அடைப்பது. இவ்விரண்டையும் அளந்து வாங்கும் முறை அரசு ஒப்பந்தங்களில் வராதவரை, ‘நானோ’ என்பது மூட்டையின் மேல் அச்சிடும் விளம்பரச் சொல்லாகவே முடியும்.

முதலில், இந்தத் துகள் உள்ளே என்னதான் செய்கிறது? சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது நடப்பது வெறும் காய்தல் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது வேதிவினை. சிமென்ட் மணிகள் கரைந்து, கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற கூழ்மப் பொருள் உருவாகிறது. ஜல்லியையும் மணலையும் கம்பியையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் பசை அதுதான். கான்கிரீட்டின் பலம் என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அதன் பலம். கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சாதாரண நீற்றுச் சுண்ணாம்பு, துணைவிளைவாக உண்டாகிறது. இறுகிய சிமென்ட்டின் கனஅளவில் இது ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இருக்கும். வலிமைக்கு இதன் பங்கு குறைவு; தண்ணீரில் மெல்லக் கரைந்தும் போகும். ஜல்லியின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய வளையத்தில் இந்தச் சுண்ணாம்புப் படிகங்களும் துளைகளும் அதிகமாகச் சேர்வதால், விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. வினைக்குத் தேவைப்படாமல் மிஞ்சும் தண்ணீர் விட்டுச்செல்லும் நுண்துளைகள் வேறு. அவற்றின் அளவு பத்து நானோமீட்டரிலிருந்து சில மைக்ரான் வரை போகும். கான்கிரீட்டுக்குள் ஈரமும் உப்பும் காற்றும் பயணம் செய்யும் பாதைகள் இவை.

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். சிமென்ட் மணியின் விட்டம் பொதுவாகப் பத்து, இருபது மைக்ரான் என்றால், இதற்கு அதிகம் பயன்படும் நானோ சிலிக்கா துகள் அதைவிட ஆயிரம் மடங்கு சிறியது. இவ்வளவு சிறிய துகள் கலவைக்குள் மூன்று வேலைகளைச் செய்கிறது. ஜல்லிகளுக்கு இடையே மணலும் மணலுக்கு இடையே சிமென்ட்டும் நிரம்புவதன் தொடர்ச்சியாக, சிமென்ட் மணிகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் இது போய் அமர்கிறது. அடுத்து, பசைப் பொருள் படிந்து வளர்வதற்கான கருவாக நிற்கிறது. சிமென்ட் மணியின் மேற்பரப்பில் மட்டும் படிய வேண்டிய பசை, துளை நெடுகிலும் பரவலாக உருவாவதால் வினை விரைகிறது. மூன்றாவதாக, அந்தப் பலவீனமான சுண்ணாம்போடு வினைபுரிந்து அதையும் பசையாக்கிவிடுகிறது. மூன்றாவது வேலையை நிலக்கரிச் சாம்பலும் செய்யும். ஆனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் செய்யும். நானோ சிலிக்கா முதல் சில நாள்களுக்குள் செய்துவிடுகிறது. வேகத்துக்குக் காரணம் அதன் மேற்பரப்பு. ஒரு கிராம் சிமென்ட்டின் மேற்பரப்பு மூன்று சதுர அடி அளவுக்குத்தான் இருக்கும். ஒரு கிராம் நானோ சிலிக்காவுக்கு 200 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒரு கிரவுண்டு மனை.

இதே மேற்பரப்புதான் தொல்லையும் தருகிறது. அத்தனை பரப்பையும் நனைக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீரைக் கூட்டினால் துளைகள் கூடும். நானோ துகள் சேர்த்த பலனே போய்விடும். ஆகவே தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் இல்லாமல் இதைப் பயன்படுத்துவதில் பொருளில்லை. இன்னொன்று, நுண்துகள்களுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும் குணம் உண்டு. சரியாகக் கலையாவிட்டால் கான்கிரீட்டுக்குள் அவை துளையை அடைக்கும் துகளாக இல்லாமல், பலமற்ற சிறு கட்டிகளாகத் தங்கிவிடும். சிமென்ட் எடையில் ஒன்று முதல் மூன்று விழுக்காடு வரை பயன் கூடிக்கொண்டே போய், அதற்கு மேல் சேர்த்தால் வலிமை குறையத் தொடங்கியதைப் பல ஆய்வுகள் காட்டியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு பிடி கூடுதலாகப் போட்டால் கூடுதல் பலம் என்ற வேலைத்தளக் கணக்கு இங்கே செல்லாது. மண்வெட்டியால் புரட்டிக் கலக்கும் இடத்தில் இந்தப் பொருளுக்கு வேலையில்லை என்பது தொடக்கத்திலேயே தெளிவாகிவிடுகிறது.

ஆய்வகத்தை விட்டு வெளியே வந்த முயற்சிகள் என்ன சொல்கின்றன? ரோம் நகரில் 2003-இல் கட்டி முடிக்கப்பட்ட ஜூபிலி தேவாலயம் இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுவது. ரிச்சர்ட் மேயர் வடிவமைத்த அதன் பிரம்மாண்டமான வெண்ணிற வளைவுச் சுவர்களில் டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த சிமென்ட் பயன்படுத்தப்பட்டது. வெயில் பட்டதும் அழுக்கைச் சிதைத்துத் தன்னைத்தானே வெளுத்துக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. வினை உண்மையானதுதான்; ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல வெண்மை முழுமையாக நிலைக்கவில்லை என்று பிற்கால ஆய்வுகள் பதிவுசெய்தன. கிராஃபீன் கதையும் கவனிக்கத்தக்கது. பிரிட்டனின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல், கிராஃபீன் சேர்த்த கான்கிரீட்டின் அழுத்த வலிமை 146 விழுக்காடு வரை கூடியதாக அறிவித்தார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பங்களிப்போடு 2021-இல் ஆம்ஸ்பரி என்ற ஊரில் ஓர் உடற்பயிற்சிக்கூடத்தின் தரை கிராஃபீன் கான்கிரீட்டில் போடப்பட்டபோது, கிடைத்த பயன் வேறு வடிவில் சொல்லப்பட்டது: ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவான பொருளைக் கொண்டு அந்தத் தளத்தைப் போட முடிந்தது என்றார்கள். வலிமை கூடியது என்ற எண், கட்டுமானத்துக்கு வந்ததும் பொருள் குறைந்தது என்ற எண்ணாக மாறியாக வேண்டும். அப்போதுதான் அதற்கு மதிப்பு. ஆரவாரமில்லாமல் சந்தையில் நிலைத்திருப்பது மற்றொன்று. கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டையே நானோ அளவில் உருவாக்கி, திரவக் கலப்புப் பொருளாக விற்கிறார்கள். பசை வளர்வதற்கான கருவைத் தயாராகவே கொடுத்துவிடுவதால் கான்கிரீட் சீக்கிரம் இறுகுகிறது. முன்வார்ப்புத் தொழிற்கூடங்களில் அச்சை விரைவாகக் கழற்ற இது பயன்படுகிறது. இந்த மூன்றில் உறுதியாகக் காலூன்றியது, குறிப்பிட்ட ஒரு சிக்கலுக்குக் குறிப்பிட்ட ஒரு விடை தந்த பொருள்தான் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

நம் சிக்கல் எது? இந்தியா ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல் சிமென்ட் தயாரிக்கிறது. சீனாவுக்கு அடுத்த இடம். சிமென்ட்டின் உயிர்ப்பொருளான கிளிங்கரை உருவாக்க, சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட வேண்டும். ஒரு டன் கிளிங்கருக்கு முக்கால் டன்னுக்கும் மேலான கரியமில வாயு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேற்பட்டது எரிபொருளால் வருவதில்லை. சுண்ணாம்புக்கல்லே சிதைந்து வெளிவிடுவது. சூரிய மின்சாரத்தில் ஆலையை ஓட்டினாலும் அந்தப் பகுதி போகாது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழு, எட்டு விழுக்காடு சிமென்ட் தொழிலிலிருந்து வருவதற்குக் காரணம் இதுதான். கல்லும் வற்றாதது அல்ல. அரியலூரில் பழங்காலக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவங்களை நம் தலைமுறை மூட்டை மூட்டையாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. இந்தச் சுமையைக் குறைக்க எளிய வழி, சிமென்ட்டில் கிளிங்கரின் பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் நிலக்கரிச் சாம்பலையோ இரும்பாலைக் கசடையோ சேர்ப்பது. இந்தியத் தரநிர்ணயம், பி.பி.சி. எனப்படும் சாம்பல் கலந்த சிமென்ட்டில் 35 விழுக்காடு வரை சாம்பலை அனுமதிக்கிறது. அனல்மின் நிலையங்கள் தங்கள் சாம்பல் முழுவதையும் பயனுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று மத்திய அரசு 2021 டிசம்பரில் அறிவிக்கையே வெளியிட்டது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து எண்ணூர்க் கழிமுகம் எப்படிப் பாழானது என்று அறிந்தவர்களுக்கு அந்த அறிவிக்கையின் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆனால், சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் வேலைத்தளத்தில் முகம் சுளிக்கிறார்கள். “சீக்கிரம் செட் ஆகாது” என்பது மேஸ்திரியின் புகார். அதில் உண்மை இருக்கிறது. சாம்பல் தாமதமாகவே வினைபுரிவதால் தொடக்க நாள்களில் பலம் குறைவு. நம் கட்டட விதித்தொகுப்பான ஐ.எஸ். 456, நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்தின் முட்டுகளை ஏழு நாளும், அதற்கு மேற்பட்ட நீளத்துக்குப் பதினான்கு நாளும் வைத்திருக்கச் சொல்கிறது. சாதாரண சிமென்ட்டுக்கு ஏழு நாள் க்யூரிங் என்றால் கலப்புச் சிமென்ட்டுக்குப் பத்து நாளாவது வேண்டும் என்கிறது. சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை கொடுக்கும் ஒப்பந்ததாரருக்கு ஒவ்வொரு நாளும் பணம். ஆகவே, சாம்பலின் அளவை உயர்த்தச் சொல்லும் சுற்றுச்சூழல் அறிவுரை, சென்ட்ரிங் பிரிக்கும் நாளில் தோற்றுப்போகிறது. நானோ துகளுக்கு இங்கேதான் வேலை. சாம்பல் பெருமளவு கலந்த கான்கிரீட்டில் சிறிதளவு நானோ சிலிக்கா சேர்த்தபோது முதல் சில நாள்களின் வலிமை கணிசமாக உயர்ந்ததை 2004-லேயே சீன ஆய்வுகள் காட்டின. பின்வந்த பலரும் அதை உறுதிசெய்திருக்கிறார்கள். தொடக்க நாள்களில் நானோ துகள் தாங்கிப்பிடிக்கிறது. பிற்பாடு சாம்பல் தன் பங்கைச் செய்கிறது. சாதாரண சிமென்ட்டின் வலிமையை 40 மெகாபாஸ்கலிலிருந்து 50-ஆக உயர்த்துவதைவிட, கிளிங்கர் பாதியாகக் குறைந்த ஒரு கலவையை ஏழாம் நாள் முட்டுப் பிரிக்கும் நிலைக்குக் கொண்டுவருவது நாட்டுக்குப் பெரிய உதவி.

இரண்டாவது இடம் கடலோரம். தமிழ்நாட்டின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அதையொட்டி மீன்பிடித் துறைமுகங்கள், பாலங்கள், அனல்மின் நிலையங்கள், 2004 சுனாமிக்குப் பின் எழுந்த குடியிருப்புகள் என்று கான்கிரீட் நிற்கிறது. மண்டபம், பாம்பன் பகுதியின் காற்று உலோகத்தை எவ்வளவு விரைவாகத் தின்னும் என்பதற்காகவே காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அரிமானச் சோதனை நிலையம் வைத்திருக்கிறது. காற்றிலும் நீரிலும் உள்ள குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே ஊர்ந்து கம்பியை எட்டுகிறது. கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் எடுத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் உள்ளிருந்து வெடிக்கிறது. கூரையின் அடிப்பகுதி பெயர்ந்து கம்பி எட்டிப்பார்க்கும் வீடுகளைக் கடலோர ஊர்களில் எங்கும் காணலாம். இங்கே கேள்வி, கட்டி எத்தனை டன் தாங்கியது என்பதல்ல; குளோரைடு எத்தனை ஆண்டில் கம்பியைத் தொடும் என்பது. நானோ சிலிக்கா துளைகளின் தொடர்ச்சியைத் துண்டிப்பதால் குளோரைடு ஊடுருவல் குறைவதைச் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. வலிமை பத்து விழுக்காடுதான் கூடியது என்று ஆய்வறிக்கை அடக்கமாகச் சொல்லும் இடத்தில், ஊடுருவல் அதைவிடப் பன்மடங்கு குறைந்திருக்கக்கூடும். தவறான எண்ணைப் பார்ப்பவர்கள் அந்தப் பலனைத் தவறவிடுகிறார்கள்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, நியாயமானது: கொத்து வேலையே சரியில்லாத நாட்டில் நானோ எதற்கு? 2021-இல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்கா அடுக்குமாடிக் குடியிருப்பில் கை பட்டாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்ததை மாநிலமே பார்த்தது. ரெடிமிக்ஸ் லாரி வந்து நின்றதும் கலவை இளகட்டும் என்று குழாயைத் திறந்து தண்ணீர் விடுவதும், கவர் பிளாக் வைக்காமல் கம்பியைப் பலகையிலேயே கிடத்துவதும், இரண்டு நாளோடு க்யூரிங்கை நிறுத்துவதும் அன்றாடம் நடப்பவை. இவற்றில் எதையும் எந்தத் துகளும் சரிசெய்யாது. சொல்லப்போனால், நானோ துகள் சேர்த்த கான்கிரீட் கவனக்குறைவைக் குறைவாகவே மன்னிக்கும். வினை வேகமாக நடப்பதால் உள்ளீரம் சீக்கிரம் தீர்ந்து, சுருக்கமும் நுண்விரிசலும் கூடக்கூடும். முதல் நாளிலிருந்தே ஈரம் காக்க வேண்டும். ஆனால் இந்த மறுப்பிலிருந்து வர வேண்டிய முடிவு, இந்தப் பொருள் வேண்டாம் என்பதன்று. கட்டுப்பாடு உள்ள இடத்தில் மட்டும் வேண்டும் என்பதே. முன்வார்ப்புக் கூடத்தில் எடைபோட்டுக் கலக்கிறார்கள், நீராவியில் பதப்படுத்துகிறார்கள், ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்கிறார்கள். பாலத் தூண், மெட்ரோ சுரங்க வளையம், துறைமுக மேடை போன்ற வேலைகளிலும் பொறியாளர் உடனிருக்கிறார். அங்கே தொடங்கலாம். சில்லறைக் கடை மூட்டையில் நானோ துகளைச் சேர்த்து விற்பதை இன்றைய நிலையில் ஊக்குவிக்கக் கூடாது.

இரண்டாவது மறுப்பு விலை. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 350 கிலோ சிமென்ட் என்றால், ஒரு விழுக்காடு நானோ சிலிக்கா மூன்றரைக் கிலோ. கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கூடுகிறது. அதனால் ஒரு மூட்டை சிமென்ட் மிச்சமானால் திரும்பி வருவது 400 ரூபாய்க்குள்தான். ஆக, சிமென்ட் மிச்சத்தை மட்டும் காட்டி இதை நியாயப்படுத்த முடியாது. சாதாரண வீட்டுத் தளத்துக்கு இது கட்டுப்படியாகாத செலவு. கடலோரக் கட்டுமானத்தின் கணக்கு வேறு. நெதர்லாந்துப் பொறியாளர் டி சிட்டர் 1984-இல் சொன்ன ‘ஐந்தின் விதி’ கட்டுமானத் துறையில் பிரபலம்: கட்டும்போது ஒரு ரூபாய் செலவழிக்கத் தவறினால், அரிமானம் தொடங்குமுன் பராமரிக்க ஐந்து ரூபாய், தொடங்கிய பின் 25 ரூபாய், முற்றிய பின் 125 ரூபாய் ஆகும் என்பது அதன் சாரம். துல்லியமான இயற்கை விதியாக அதைக் கொள்ள வேண்டியதில்லை, திசை சரியானது. ஒரு மீன் இறங்குதளத்தை உடைத்துக் கட்டும்போது ஆகும் செலவில் மீன்பிடிப்பு முடங்கும் நாள்களும் சேரும். அந்தத் தொகையோடு வைத்துப் பார்த்தால் கன மீட்டருக்கு ஆயிரம் ரூபாய் பெரிதல்ல. ஆனால் நம் ஒப்பந்த முறை குறைந்த தொடக்க விலைக்கே வேலையைக் கொடுக்கிறது. முப்பது ஆண்டுப் பராமரிப்பு யார் கணக்கிலும் வருவதில்லை. விலை என்ற மறுப்பின் வேர், துகளைவிட ஒப்பந்த முறையில் இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு உடல்நலம். இதை நுகர்வோர் அமைப்புகளைவிட முன்னதாகத் தொழிற்சங்கங்கள் எழுப்ப வேண்டும். கல்லுடைக்கும் தொழிலாளர்களைக் கொல்லும் சிலிக்கோசிஸ் நோய் படிகச் சிலிக்காவால் வருவது. நானோ சிலிக்கா படிகமற்ற வகை என்பதால் ஆபத்து அந்த அளவுக்கு இல்லை. அதற்காக மூச்சோடு உள்ளே போனால் தீங்கில்லை என்று யாரும் உறுதி தர முடியாது. டைட்டானியம் டை ஆக்சைடு தூசியைச் சுவாசித்தால் புற்றுநோய் வரும் சாத்தியம் உண்டு என்ற பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் அதன் சாதாரணத் துகளுக்குக் கன மீட்டர் காற்றில் 2.4 மில்லிகிராம் என்றும் நானோ துகளுக்கு 0.3 மில்லிகிராம் என்றும் பரிந்துரை வரம்பு வைத்தது. பொருள் ஒன்றே என்றாலும் அளவு சுருங்கினால் எச்சரிக்கை எட்டு மடங்கு கூடுகிறது. கான்கிரீட்டில் சேர்த்துப் பார்க்கப்படும் கார்பன் நானோகுழாய்க்கோ ஒரு மைக்ரோகிராம்தான் வரம்பு. முகக்கவசம்கூட இல்லாமல், புடவை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சிமென்ட் கொட்டும் சித்தாள் பெண்களின் கையில் இந்தத் தூளைக் கொடுப்பது குற்றம். தீர்வு தெளிவாகவே இருக்கிறது. நானோ சிலிக்கா தண்ணீரில் கலைந்த திரவமாகவே கிடைக்கிறது. அதில் தூசியும் எழாது, கட்டிகட்டும் தொல்லையும் குறைவு. தூள் வடிவம் வேலைத்தளத்துக்குள் வரக் கூடாது என்று விதி இருக்க வேண்டும். கார்பன் நானோகுழாயைப் பொறுத்தவரை, அதன் விலையையும் ஆபத்தையும் பார்த்தால் பொதுக் கட்டுமானத்தில் அதற்கு இப்போது இடமில்லை. கட்டடத்தை இடிக்கும் நாளில் எழும் தூசி பற்றிய ஆய்வும் கூடவே நடக்க வேண்டும்.

நான்காவது மறுப்பு பொறியாளர்களிடமிருந்து வரும்: இதற்கெல்லாம் ஏற்கெனவே வழி இருக்கிறதே? சிலிக்கான் உலைப் புகையிலிருந்து கிடைக்கும் நுண்தூளான சிலிக்கா ஃப்யூம் பல ஆண்டுகளாக இந்திய உயர்தரக் கான்கிரீட்டில் பயன்படுகிறது. அதற்கு 2003-இலேயே தரநிர்ணயம் வந்துவிட்டது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்து கிளிங்கரைப் பாதியாக்கும் எல்.சி.3 சிமென்ட், சுவிட்சர்லாந்தின் லொசான் தொழில்நுட்ப நிறுவனமும் டெல்லி, சென்னை ஐ.ஐ.டி.க்களும் பங்கேற்ற ஆய்வில் வளர்ந்தது. 2023-இல் அதற்கும் இந்தியத் தரநிர்ணயம் கிடைத்தது. கரியமில வாயுவை 40 விழுக்காடு வரை அது குறைக்கும். இந்த மறுப்பை நான் பெரிதும் ஏற்கிறேன். கிளிங்கர் குறைப்பில் முதல் இடம் சாம்பல், கசடு, எல்.சி.3 ஆகியவற்றுக்கே. நானோ துகள் அவற்றுக்குப் போட்டி அல்ல, துணை. அவை தொடக்க நாள்களில் பின்தங்கும் இடத்தை நிரப்புவதற்கு. சாம்பல் அதிகமானால் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மைக்கு ஆதாரமான சுண்ணாம்பு குறையுமே, காற்றின் கரியமில வாயு உள்ளே புகுந்து அந்தக் காப்பைக் கெடுக்குமே என்ற ஐயமும் நியாயமானது. துளைகள் அடைபட்டால் அந்த வாயு நுழையும் வேகமும் குறையும். இவ்விரண்டில் எது விஞ்சும் என்பது கலவைக்குக் கலவை மாறும். ஆகவே அளந்துதான் பார்க்க வேண்டும். துகளைத் தயாரிக்கவே ஆற்றல் செலவாகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உமிச் சாம்பலில் 85, 90 விழுக்காடு சிலிக்கா இருக்கிறது. காவிரி டெல்டாவின் அரிசி ஆலைகளிலிருந்து கிடைக்கும் இந்தக் கழிவிலிருந்து நுண்சிலிக்கா எடுக்கும் வழியை வளர்ப்பது, விலையையும் ஆற்றல் செலவையும் ஒருசேரக் குறைக்கும் வாய்ப்பு.

இத்தனைக்குப் பிறகும் ஓர் அச்சம் மிஞ்சுகிறது. அதற்கு அண்மைக்கால முன்னுதாரணம் இருக்கிறது. 2021-இல் நானோ யூரியா அறிமுகமானபோது, அரை லிட்டர் பாட்டில் 45 கிலோ மூட்டைக்கு ஈடு என்று சொல்லப்பட்டது. நாடு முழுக்க விற்பனை தொடங்கிய பிறகுதான், பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் இரண்டு ஆண்டு வயல் சோதனை நெல்லிலும் கோதுமையிலும் விளைச்சல் குறைந்ததைக் காட்டியது. விவாதம் இன்னும் ஓயவில்லை. விவசாயிகள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிவிட்டார்கள். ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த பருவத்தில் உரத்தை மாற்றலாம். கட்டடத்தில் தவறு தெரியவரப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் விற்றவர், கட்டியவர், ஒப்புதல் தந்தவர் எல்லாரும் இடம் மாறியிருப்பார்கள். அதனால் சிமென்ட் விஷயத்தில் வரிசை மாறக் கூடாது: முதலில் களச் சோதனை, பிறகு தரநிர்ணயம், அதன் பிறகே சந்தை.

இதைச் செய்யும் வசதி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், கிண்டியில் ஐ.ஐ.டி., மண்டபத்தில் அரிமான நிலையம். பொதுப்பணித் துறையும் மீன்வளத் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் சேர்ந்து, ஒரே கலவையை நானோ துகளோடும் இல்லாமலும் வார்த்து எண்ணூரிலும் மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடல்நீர் தெறிக்கும் உயரத்தில் பல ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கலாம். முடிவுகளை, தோல்விகள் உள்பட, பொதுவில் வெளியிட வேண்டும். அடுத்தது ஒப்பந்த நிபந்தனை. ஐ.எஸ். 456 கடலோரக் கான்கிரீட்டுக்கு, சாம்பலும் கசடும் சேர்த்துக் கணக்கிட்டே, கன மீட்டருக்கு இத்தனை கிலோ சிமென்ட் கட்டாயம் என்று குறைந்தபட்ச அளவு வைக்கிறது. கடுமையான சூழலுக்கு 320, மிகக் கடுமையான சூழலுக்கு 340 கிலோ. கட்டுப்பாடில்லாத வேலைத்தளத்தை நினைத்து வைத்த பாதுகாப்பு அது; அங்கே அது தொடரட்டும். ஆனால் முன்வார்ப்பு, ரெடிமிக்ஸ் போன்ற கட்டுப்பாடுள்ள தயாரிப்புக்கு, இத்தனை கிலோ போடு என்பதற்குப் பதிலாக, குளோரைடு ஊடுருவல் இந்த அளவுக்குள் இருக்க வேண்டும், கன மீட்டருக்குக் கிளிங்கர் இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று விளைவைக் கேட்கும் நிபந்தனையை வைக்கலாம். அப்போது நானோ துகளைத் திணிக்கவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். சிலிக்கா ஃப்யூமோ எல்.சி.3-யோ குறைந்த செலவில் இலக்கைத் தொட்டால் அதுவே வெல்லட்டும். நானோ துகள் தேவைப்படும் இடத்தில் அதன் விலை தானாகவே நியாயமாகும்.

மேலும் ஒரு நிபந்தனை இதையெல்லாம் பொருளுள்ளதாக்கும். கடலோரப் பொதுக் கட்டுமானங்களுக்கு ஒப்பந்ததாரரின் பொறுப்பு, கட்டி ஒப்படைத்த சில ஆண்டுகளோடு முடிந்துவிடக் கூடாது. கட்டி முடித்த தளத்திலிருந்தே மாதிரி துளைத்தெடுத்து, ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் உப்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று சுயேச்சையான ஆய்வகம் அளக்க வேண்டும். பிடித்தம் செய்த தொகையில் ஒரு பகுதி அந்த அளவோடு கட்டுண்டு இருக்க வேண்டும். அத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ஒப்பந்ததாரர், நானோ துகள் விற்க வருபவரிடம் என்ன கேட்பார் என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்தாம் ஆண்டின் அளவைக் காட்டு என்றுதான் கேட்பார். மூட்டையின் மேல் அச்சடித்த சொல்லுக்கு அவரிடம் விலை இருக்காது.